தூக்கி நிற்கும் மணிகள்

தேவிப்ரியாவின் துணியில் மணிகள் ஒருநாளும் ஒழுங்காகப் படிந்ததில்லை. வேங்கிக்காலில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் நடக்கும் மாலைநேர ஆரி எம்பிராய்டரி வகுப்பில் அவளோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் மாங்காய், மயில் என்று முன்னேறிக் கல்யாண ஜாக்கெட்டின் கைக்கு வந்துவிட்டார்கள். அவள் மட்டும் இன்னும் இலையில் இருந்தாள். அதுவும் ஒரே இலை. அவள் தைப்பாள், இனியா வந்து கட்டைவிரலால் தடவிப் பார்ப்பாள், "மணி தூக்குதுக்கா" என்பாள், பிரித்துவிடுவாள்.

இனியாதான் வகுப்பை நடத்துகிறவள். தேவிப்ரியாவைவிட ஒரு வயது சின்னவள். அதனால் இவள் அவளை மிஸ் என்றாள், அவள் இவளை அக்கா என்றாள். மரியாதை இரண்டு பக்கமும் போய்வந்தது. திட்டு மட்டும் ஒரே பக்கமாக வந்தது.

பகலில் தேவிப்ரியாவுக்குக் கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடையில் வேலை. ஒரு தாளைக்கூடக் கோணலாக வைத்து நகல் எடுத்தவள் இல்லை. வகுப்பிலும் அப்படித்தான். மணிகளை நிறவாரியாகப் பாட்டில் மூடிகளில் பிரிப்பாள், ஊசிகளில் முன்கூட்டியே நூல் கோத்து வைப்பாள், வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழும்படி நாற்காலியைத் திருப்பிப் போடுவாள். அப்புறம் இது சரியாக வருமா என்று ஒரு முறை யோசிப்பாள். அந்த யோசனையில்தான் நூல் தளர்ந்துவிடும். பக்கத்துச் சட்டத்தில் தைக்கும் பாஞ்சாலை இதை நெடுநாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பந்தல் போட்டாச்சு, மேளம் வந்தாச்சு, தாலிதான் ஏற மாட்டேங்குது" என்று ஒருநாள் சொன்னாள். வகுப்பு சிரித்தது. தேவிப்ரியாவும் சிரித்துவிட்டு இலையைப் பிரித்தாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வகுப்புக்கு ஒரு பை வந்தது. கொண்டுவந்தவன் தேவிப்ரியாவின் அண்ணன் குமரேசன். அவன் செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, நாலைந்து அறைகளும் கீழே ஒரு சின்னக் காப்பிக்கடையுமாக வைத்திருந்தான். அவனிடம் தங்கியிருக்கும் ஒரு அம்மாவின் பையில் பிடிவார் அறுந்துவிட்டதாம். செவ்வாய்க்கிழமை காலையில் ஊருக்குப் போகிறாராம்.

"எந்த ஊர்?" என்று இனியா கேட்டாள்.

"அமெரிக்கா. ஆனா அமெரிக்கான்னு சொன்னா அவங்களுக்குப் புடிக்கல. ஹொதினோஷோனின்னு அங்க ஒரு பூர்வகுடி ஜனமாம். பேரே சுத்தி வளைச்சுப் போவுது, நான் வழியிலேயே எறங்கிடறேன்" என்றான் குமரேசன்.

பையை மேசையில் வைத்ததும் வகுப்பே எழுந்து வந்து சூழ்ந்தது. கருஞ்சிவப்பு வெல்வெட். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி வேலைப்பாடு: நடுவில் ஒரு கொடி, இரண்டு பக்கமும் சுருண்டு இறங்கும் கிளைகள், கிளைக்குக் கிளை இலையும் பூவும் ஸ்ட்ராபெர்ரிப் பழமும். இடது பக்கம் என்ன இருந்ததோ அதுவே கண்ணாடியில் பார்த்ததுபோல வலது பக்கமும் இருந்தது. கீழ் விளிம்பில் வெள்ளைப் பொடிமணியால் அரைவட்டம் அரைவட்டமாக ஒரு வரிசை. ஒவ்வொரு அரைவட்டத்தின் தலையிலும் இரண்டு பக்கம் சுருண்ட ஒரு சின்னச் செடி.

திருவண்ணாமலைக்காரர்களிடம் குவித்து வைத்த கோலமாவைக் காட்டினாலும் மலை என்பார்கள். பாஞ்சாலை ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. அது அண்ணாமலைதான், மேலே எரிவது தீபம்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இருப்பது ஒரே மலை, இங்கே எதற்கு இத்தனை மலை என்று யாரோ கேட்டார்கள்.

"கிரிவலம் வந்தா ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு மாதிரி தெரியும்ல. அதைத்தான் வரிசையா போட்டிருக்கா" என்றாள் பாஞ்சாலை.

அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை. பிடிவார் தைப்பது சுலபமான வேலை என்பதால் இனியா அதைத் தேவிப்ரியாவிடம் கொடுத்தாள். இந்த வகுப்பில் அவள் கைக்கு வந்த முதல் வெளிவேலை அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், அடி அண்ணாமலையில் தன் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, பையைத் தலைகீழாக மடியில் கவிழ்த்துப் பிடிவாரைத் தைத்து முடித்தாள். இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். உறுதியாக இருந்தது. அப்புறம்தான் பழக்கதோஷத்தில் கட்டைவிரலை வேலைப்பாட்டின் மேல் ஓட்டினாள். திடுக்கென்றது.

எல்லா மணியும் தூக்கிக்கொண்டிருந்தது.

ஒரு மணி, இரண்டு மணி அல்ல. இலை தூக்கியது, பூ தூக்கியது, பழம் ஒவ்வொன்றும் புளியங்கொட்டைபோலப் புடைத்து நின்றது. தேவிப்ரியாவுக்கு முதலில் பரிதாபமாக இருந்தது. உலகத்தின் அந்தக் கோடியில் தன்னைவிட மோசமான கைக்காரி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்குத் தடவிப் பார்த்துச் சொல்ல ஒரு இனியா இல்லை. பாவம், பை முழுவதும் இப்படியே தைத்துவிட்டாள். பரிதாபத்துக்குப் பின்னாலேயே மெல்ல ஒரு சந்தோஷமும் வந்தது. அதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

உதவி செய்தால் என்ன? ஒரே ஒரு பழம். பிடிவாரோடு ஒரு பழத்தையும் சரிசெய்து கொடுத்தால் அந்த அம்மா சந்தோஷப்படுவார்கள். ஒரு பழத்தின் நூலை அறுத்து மணிகளை எடுத்தாள். அடியில் பழத்தின் வடிவத்தில் வெட்டிய கெட்டித் தாள் ஒன்று இருந்தது. குப்பை என்று அதையும் எடுத்துப் போட்டாள். அகலத்துக்கு எத்தனை மணி பிடிக்குமோ அத்தனையே கோத்து, வரிவரியாகப் படிய வைத்துத் தைத்தாள். மிஞ்சிய மணிகள் ஒரு பாட்டில் மூடி நிறைய இருந்தன. மணியை இப்படியா வீணாக்குவார்கள் என்று நினைத்துக்கொண்டாள். விரலால் தடவினாள். பழம் தட்டையாக, பலகைபோல, இனியா பார்த்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்படியாகப் படிந்திருந்தது. அவள் வாழ்நாளில் முதல்முறையாகப் படிந்த மணிகள் அவைதான்.

இனியாவிடம் காட்டிவிட்டுக் கொடுக்கலாம் என்று பையை வீட்டிலேயே வைத்துவிட்டு, தயாராகிவிட்டது என்று சொல்வதற்காகப் பகலில் குமரேசனின் கடைக்குப் போனாள். அந்த அம்மா வாசல் மேசையில் உட்கார்ந்திருந்தார். பெயர் லொரெட்டா. நாற்பத்தைந்து வயது இருக்கும்; எல்லாவற்றையும் கேலியாகப் பார்க்கிற கண்கள். காதில் இரண்டு ஸ்ட்ராபெர்ரிகள் தொங்கின. சிவப்பு மணியில் கோத்தவை. இரண்டும் புடைத்திருந்தன.

தேவிப்ரியா அவற்றையே பார்த்தாள். காதில் இருப்பது நன்றாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் மெல்ல ஆரம்பித்தாள். அவ்வளவுதான், லொரெட்டா போனை எடுத்துப் படம் காட்டத் தொடங்கிவிட்டார். பாவாடைகளின் விளிம்பில் வெள்ளை வேலை. ஒரு குழந்தையின் தொப்பி. குருவி வடிவத்தில் ஒரு திண்டு, பூட்ஸ் வடிவத்தில் ஒரு திண்டு. இரண்டும் ஊசி குத்திவைப்பதற்காம். அந்தக் காலத்தில் நயாகரா அருவியைப் பார்க்க வருகிறவர்களிடம் இவர்கள் வீட்டுப் பெண்கள் இவற்றைத் தைத்து விற்றார்களாம். பௌர்ணமிக்கு இங்கே கிரிவலப் பாதையில் கடை போடுகிற மாதிரி என்று குமரேசன் உடனே புரிந்துகொண்டான். பூட்ஸில் எதற்கு ஊசி குத்த வேண்டும் என்பதுதான் அவனுக்குக் கடைசிவரை புரியவில்லை. தேவிப்ரியா படங்களை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒன்றில்கூட மணி படிந்திருக்கவில்லை. அதுதான் அவர்கள் வேலையின் அழகே என்று லொரெட்டா சொன்னார். துணியில் செடியை வரைவதில்லை, துணியிலிருந்து செடியை முளைக்க வைக்கிறோம் என்றார்.

அரைவட்டத்தைப் பற்றியும் சொன்னார். அது வானத்தின் கூரை. அதன் மேல் நிற்பது வானுலகத்து மரம். ஸ்ட்ராபெர்ரி அவர்களுக்கு ஆண்டின் முதல் பழம். அது பழுத்ததும் நன்றி சொல்ல ஒரு விழாவே உண்டு. தேவிப்ரியா பாஞ்சாலையின் மலையைப் பற்றிச் சொன்னதும் லொரெட்டா மேசையைத் தட்டிச் சிரித்தார். எங்களையும் இந்தியர்கள் என்றுதான் நெடுநாள் கூப்பிட்டார்கள், உங்களைத் தேடிப் புறப்பட்டவன் வழிதவறி எங்கள் வாசலில் வந்து நின்றான், அதனால் உங்கள் மலை எங்கள் வானமாக இருப்பதில் ஒன்றும் தப்பில்லை என்றார்.

அப்புறம் குரலைத் தாழ்த்தி ஒரு விஷயம் சொன்னார். அந்தப் பை அவருடையது இல்லை. அவருடைய அக்கா தைத்தது. இங்கே வரக் கிளம்பும்போது கேட்காமல் எடுத்து வந்துவிட்டார். அக்கா கண்டிப்பான ஆள். பிடிவார் அறுந்ததே தெரியக் கூடாது. பை வந்தபடியே திரும்பிப் போக வேண்டும்.

பை தயாரா என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று தேவிப்ரியா சொன்னாள். அவள் சொன்ன பொய்களில் அதைவிட உண்மையானது வேறு இல்லை.

அன்று சாயங்காலம் வகுப்பு இல்லை. ஆனாலும் இனியாவை வகுப்பு மாடிக்கு வரவழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். இனியா பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்.

"ஏன்க்கா, நம்ம கிளாஸ்ல ஒரு இலைகூட உங்களுக்குப் படியல. ஊரான் வூட்டுப் பையில போயி படிஞ்சுதா?"

"ஆமாம் மிஸ். நல்லாவே படிஞ்சுடுச்சு."

இனியா பழத்தைத் தடவிப் பார்த்தாள். நல்லாத்தான் வந்திருக்கிறது என்று அவளையும் மீறிச் சொன்னாள். அப்புறம் பையைத் தூக்கி ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். பை அசையும்போதெல்லாம் மணிகளின் முதுகில் வெளிச்சம் ஓடியது. இலையின் ஓரத்தில் கரும்பச்சை, உள்ளே போகப் போக இளம்பச்சை, எங்கே மணி உச்சியில் நிற்கிறதோ அங்கே மட்டும் ஒரு வரி கண்ணாடி மணி. வெளிச்சம் முதலில் அங்கேதான் விழ வேண்டும் என்று தைத்தவள் முன்பே முடிவு செய்திருக்கிறாள். ஒவ்வொரு பழத்துக்கும் அடியில் வெல்வெட்டின் மேல் ஒரு சின்ன நிழல் விழுந்தது. அந்த நிழலும் வேலைப்பாட்டில் ஒரு நிறம்தான். தேவிப்ரியா சரிசெய்த பழத்துக்கு மட்டும் நிழல் இல்லை. கொடியில் அது பழம் மாதிரி இல்லை, ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி இருந்தது.

"இவங்க நூல்ல தைக்கல, வெளிச்சத்துல தைச்சிருக்காங்க" என்றாள் இனியா. அவள் குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

பழத்தைப் பிரித்தார்கள். தூக்க வைப்பதில் தேவிப்ரியாவை மிஞ்ச ஆள் இல்லை என்று இருவருமே நம்பினார்கள். அவளும் வழக்கம்போல நூலைத் தளர விட்டுத் தைத்தாள். மணிகள் தூக்கவில்லை. துவண்டு, பழைய பனியனின் கழுத்துப்போலத் தொங்கின. விரலை வைத்தால் ஒரு பக்கம் சாய்ந்தன. அக்காவின் பழங்களோ அழுத்தினாலும் அசையாமல் கிண்ணென்று நின்றன. இனியா வாங்கித் தைத்துப் பார்த்தாள். அவள் கைக்குத் தளர விடவே வரவில்லை, பழம் மறுபடியும் பலகை ஆயிற்று. கடைசியில் இருவரும் பையை நடுவில் வைத்துக்கொண்டு, இத்தனை காலமாகத் திட்டிய தப்பை எப்படித் தப்பில்லாமல் செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

திங்கட்கிழமை காலையில், வேலைக்குப் போகும் வழியில் தேவிப்ரியா அண்ணன் கடையில் இறங்கினாள். லொரெட்டாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று வரும் வழியெல்லாம் ஆங்கிலத்தில் வாக்கியம் கோத்து வைத்திருந்தாள். லொரெட்டா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குமரேசன் சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு உள்ளே பார்த்துச் சத்தம் போட்டான்.

"உப்பு தூக்கல். யாரு போட்டது?"

என்ன சொல்கிறார் என்று லொரெட்டா கேட்டார். தேவிப்ரியா யோசித்துப் பார்த்து, "சால்ட் ஈஸ் லிஃப்டட்" என்றாள். உப்பை யார் தூக்கியது, எங்கே கொண்டுபோனார்கள் என்று லொரெட்டா கேட்டார். அப்படி இல்லை என்று தேவிப்ரியா விளக்கப் புறப்பட்டாள். யாரும் எடுக்கவில்லை. உப்பு ஜாஸ்தி. அந்தச் சாம்பார் தாங்குகிற அளவைவிட ஜாஸ்தி. அதனால் அது உள்ளே அடங்காமல் மேலே எழுந்து நிற்கிறது. அதைத்தான் நாங்கள்...

அங்கேயே நின்றுவிட்டாள்.

உப்பு தூக்கியது தளரப் போட்டதால் அல்ல. ஜாஸ்தி போட்டதால் தூக்கியது. இடம் கொள்ளாத அளவுக்கு மணியைக் கோத்து, நூலை இறுக்க வேண்டும். படுக்க இடமில்லாத மணிகள் வேறு என்னதான் செய்யும், முதுகை வளைத்துக்கொண்டு எழுந்துதான் நிற்கும். வீணாக்கிவிட்டார்கள் என்று அவள் நினைத்த அந்த ஒரு மூடி மணிதான் பழத்தின் சதை. தளர்ந்த நூல் அவளுடைய தப்பு. நெருங்கிய மணி அந்த அக்காவின் கணக்கு. இரண்டையும் இத்தனை காலமாக ஒரே சொல்லால் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கோத்து வைத்திருந்த ஆங்கில வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். ஜெராக்ஸ் கடைக்கு அன்று வயிற்றுவலி என்று சொன்னாள். வகுப்பு மாடியில் இனியா மணிகளை எடுத்துக் கொடுக்க, தேவிப்ரியா தைத்தாள். கெட்டித் தாளுக்காக, வந்து கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையைப் பழத்தின் வடிவத்தில் வெட்டி அடியில் வைத்தார்கள். மாப்பிள்ளை பெயரில் பாதி உள்ளே போயிற்று. முதல் வரியில் ஜாஸ்தி மணி கோத்து நூலை இறுக்கியதும், மணிகள் ஒரு நிமிஷம் தள்ளுமுள்ளு செய்துவிட்டு, ஒரேயடியாக எழுந்து வளைந்தன. இனியா விரலால் அழுத்தினாள். அசையவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்கு மணியை எடுத்து நீட்டினாள். மூடி காலியானபோது பழத்துக்கு நிழல் வந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பேருமாகப் பையைக் கொண்டுபோனார்கள். ஆட்டோ வந்து நின்றிருந்தது. குமரேசன் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தான். பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று இனியா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். லொரெட்டா பையை வாங்கினார். பிடிவாரை இழுத்துப் பார்த்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் முன்பக்கம் முழுவதும் தடவினார். திருப்பிப் பின்பக்கமும் தடவினார். விரல் எங்கேயும் நிற்கவில்லை.

நன்றி என்று சொல்லிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். காரியம் முடிந்துவிட்டது. இனியா தேவிப்ரியாவின் முழங்கையைக் கிள்ளினாள். கிள்ளாமல் இருந்திருந்தால் ஒருவேளை சும்மா இருந்திருப்பாள்.

"ஒரு பழம் நான் தைச்சது" என்றாள் தேவிப்ரியா. முதலில் தமிழில் சொல்லிவிட்டு, அப்புறம் ஆங்கிலத்தில் சொன்னாள். மணி தப்பாகத் தூக்குகிறது என்று நினைத்துப் படிய வைத்ததையும், தாளைக் குப்பை என்று எடுத்ததையும், மறுபடி எழுப்பியதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கல்யாணப் பத்திரிகையைக்கூட விடவில்லை.

லொரெட்டாவின் முகத்தில் கேலி போய்விட்டது. பையைத் தோளிலிருந்து கழற்றி வாசல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு பழமாகப் பார்த்தார். திருப்பினார், பார்த்தார். ஆட்டோக்காரர் ஒரு முறை ஹாரன் அடித்தார். கடைசியில், எந்தப் பழம் என்று கேட்டார்.

தேவிப்ரியா சட்டென்று விரலை நீட்டினாள். நீட்டிய விரல் பாதியில் நின்றது. வேலை செய்யும்போது பை தலைகீழாக இருந்தது. அப்படியானால் கீழே இருந்தது மேலே வரும். இடது வலதாகும். அப்படி ஆனாலும், தைத்தது முன்பக்கமா, பின்பக்கமா? விரல் ஒரு பழத்திலிருந்து இன்னொரு பழத்துக்குப் போயிற்று. அங்கேயும் நிற்கவில்லை.

"இது மிஸ்?"

"அது இல்லக்கா, இந்தப் பக்கம். இதான்" என்றாள் இனியா.

குமரேசன் போன் டார்ச்சைப் போட்டுக் காட்டினான். அவன் வேறொரு பழத்தைச் சொன்னான். அவனை யாரும் கேட்கவில்லை. லொரெட்டா மூன்று தலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. சத்தமில்லாமல் ஆரம்பித்து, கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குப் போயிற்று. அக்காவிடம் இதை மறைக்கப் போவதில்லை என்றார். பையை எடுத்தது நான்தான், ஆனால் உன் கொடியில் ஒரு பழம் திருவண்ணாமலையில் பழுத்தது, கெட்டிக்காரி என்றால் எது என்று நீயே சொல் என்று அவள் மடியில் போட்டுவிடுவேன் என்றார். திட்டுவதற்கு முன்னால் அவள் தேடித்தான் ஆக வேண்டும். தேடி முடிப்பதற்குள் நான் காப்பி குடித்துவிடுவேன் என்றார்.

ஆட்டோ கிளம்பியது. கொஞ்ச தூரம் போய், தேங்காய்க்கடை ஓரமாக நின்றது. பக்கவாட்டில் லொரெட்டாவின் தலை எட்டிப் பார்த்தது. அப்புறம் ஒரு கை பையைத் தூக்கிப் பிடித்து, அதில் ஒரு பழத்தைத் தொட்டுக் காட்டி, இதுவா என்று கேட்பதுபோல ஆட்டியது.

இனியா ஆமாம் என்று தலையை மேலும் கீழும் ஆட்டினாள். அதே நேரத்தில் தேவிப்ரியா இல்லை என்று பக்கவாட்டில் ஆட்டினாள்.

"அதான்க்கா."

"அது இல்ல மிஸ். நான்தானே தைச்சேன்."

ஆட்டோ மறுபடியும் நகர்ந்தது. லொரெட்டாவின் தலை உள்ளே போய்ப் பையின் மேல் குனிந்துகொண்டது.